நடுவில் ஒயர் இல்லை

அப்பாவோடு ஆஸ்பத்திரியில் சண்டை போட்டே அந்த வாரம் போனது. நெஞ்சில் ஒட்டிய ஒயர்களைப் பிடுங்கிப் போட்டுவிடுவார். நர்ஸ் ஒட்டுவார், இவர் பிடுங்குவார். "இன்னொருக்கா பிடுங்குனா கையைக் கட்டிப்போடணுமுங்க" என்று சொல்லிவிட்டார்கள். ஆயுசு முழுக்க மில்லில் எலெக்ட்ரீசியன் வேலை பார்த்த கை. அதைக் கட்டிலோடு கட்டினால் என்னால் பார்த்துக்கொண்டு இருக்க முடியாது.

எனக்கோ தெம்பே இல்லை. பெரியநாயக்கன்பாளையத்தில் கம்பெனி, பீளமேட்டில் ஆஸ்பத்திரி, நடுவில் ரெண்டு பஸ்.

"ஏனுங்கப்பா இப்படி உசுரை வாங்கறீங்க?" கத்தியேவிட்டேன்.

அப்பா மானிட்டரைக் காட்டினார். "அது பிளக்குல சொருகியிருக்குது. அதோட ஒயரு எம் மேல இருக்குது. எர்த்து சரியில்லீன்னா என்ன ஆவும்? நான் பாக்காததா, அம்மணி?"

மில்லில் எர்த் கோளாறான மெஷினைத் தொட்ட கூட்டாளி ஒருவர் அப்பாவின் கண்ணெதிரே ஷாக்கடித்து விழுந்தார். அன்றிலிருந்து எந்த இரும்பையும், கரண்ட் இருக்கிறதா என்று புறங்கையால் தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் பிடிப்பார். இப்போது கட்டில் கம்பியையும் அப்படித்தான் தொட்டுக்கொண்டிருந்தார்.

அட, இதுதானா! என் வேலையே அதுதான். இந்த மாதிரிப் பெட்டிகளின் போர்டில் பெரிய வோல்ட்டேஜைக் கொடுத்து, கரண்ட் மறுபக்கம் தாண்டுகிறதா என்று நாள் முழுக்கச் சோதிக்கிறேன்.

"பெட்டிக்குள்ள நடுவுல ஒயரே இல்லீங்கப்பா. உங்க பக்கம் ஒரு குட்டி லைட்டு. பிளக்குப் பக்கம் அதைப் பாக்கற ஒரு கண்ணு. நெஞ்சு துடிக்கறதை லைட்டு மினுக்கிச் சொல்லும், அந்தக் கண்ணு பாத்துக்கும். வெளிச்சம்தான் தாண்டும், கரண்டு தாண்டாது."

அப்பா யோசித்தார். "அந்த லைட்டு பீஸ் போயிருச்சுன்னா?"

"திரையில கோடு ஏத்த எறக்கமில்லாம நேராப் போகும். அவ்வளவுதான். உங்களுக்கு ஒண்ணும் ஆகாதுங்கப்பா."

"அப்பச் சரி, கண்ணு."

அதற்குப் பிறகு அவர் ஒயரில் கையே வைக்கவில்லை. "அப்படி என்னங்கக்கா சொன்னீங்க?" என்று நர்ஸ் கேட்டார். விளக்கிச் சொல்லத் தெம்பில்லாமல் சிரித்துவைத்தேன்.

வாரக் கடைசியில் ஒரு மத்தியானம், தயிர்சாத டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன். கோடு நேராகப் போனது. நர்ஸ் ஓடிவந்தார், டாக்டர் வந்தார், நெஞ்சை அழுத்தினார்கள். "லைட்டுதானுங்க போயிருக்கும், பெட்டியை மாத்துங்க" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். டாக்டர் கையை எடுத்த பிறகும் சொன்னேன்.

பாவம், அந்த நர்ஸ் எனக்காக வேறொரு பெட்டியைத் தள்ளிக்கொண்டு வந்து மாட்டினார். அதிலும் நேராகத்தான் போனது.