அடியே, அடி

நண்பகலில் கண்ணைத் திறந்து வைத்திருக்க உரிமை உள்ள ஒரே ஆள் அந்த ஊரில் மணிக்காரிதான். மற்ற எல்லோரும், பெரிய பூசாரி உட்பட, முதல் மணி கேட்டதும் நின்ற இடத்திலேயே கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். இரண்டாம் மணி கேட்கும்வரை விரலைக்கூட அசைக்கக் கூடாது. கோபுரத்து உச்சியில் நிற்கிற அவள் மட்டும் கல் தரையில் நட்டிருக்கும் கம்பியின் நிழலைப் பார்த்துக்கொண்டிருப்பாள். நிழல் முதல் கோட்டைத் தொட்டால் ஒரு மணி, இரண்டாம் கோட்டைத் தாண்டினால் ஒரு மணி. இடையில் நிதானமாக எண்ணினால் நூறு.

எதற்கு இந்தக் கூத்து என்றால் அதற்கு ஒரு கதை இருக்கிறது. ஆதியில் நெருப்பெல்லாம் ஒரே குவியலாகக் கிடந்ததாம். தூக்கிச் சுமக்க எந்தச் சாமிக்கும் மனசு வரவில்லை. கடைசியில் சூரியச்சாமிதான் அதை அள்ளித் தலையில் வைத்துக்கொண்டார். முதல் அடி எடுத்து வைத்தபோதே ஒரு கால் வெந்துபோயிற்று. அன்றிலிருந்து நொண்டி நொண்டித்தான் வானத்தைக் கடக்கிறார். கால் வலி அதிகமானால் பகல் நீளுமாம். உச்சிக்கு வந்ததும் சுமையை இறக்கி வைத்து நூறு எண்ணும் நேரம் மூச்சு வாங்குவார். அப்போது கீழே ஏதாவது அசைந்தால் அவர் கவனம் சிதறும், சுமை உருளும், ஊர் சாம்பலாகும். வேண்டுகிறவர்கள் எல்லோரும் அவருடைய அந்த வெந்த காலைத்தான் பிடிப்பார்கள். ‘உன் அடியே கதி’ என்றுதான் எல்லாப் பாட்டும் முடியும். பூசாரிகள் காதில் விழாத இடத்தில் ஊரார் அவரைச் செல்லமாக நொண்டிச்சாமி என்பார்கள்.

இருபத்திரண்டு வருஷம் மேலிருந்து பார்த்தவளுக்கு ஊரின் யோக்கியதை நன்றாகத் தெரியும். பெரிய பூசாரி தினமும் எண்ணிக்கை அறுபது வாக்கில் முதுகைச் சொறிந்துகொள்வார். செருப்புக்கடைக்காரர் ஒற்றைக் கண்ணைத் திறந்து எதிர்க்கடைக்கு யார் வந்திருக்கிறார்கள் என்று நோட்டம் விடுவார். பக்தியில் யாருக்கும் சளைக்காத அவளுடைய நாத்தனார் ஒருநாள் பொங்கின பாலை ஓடிப்போய் இறக்கி வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவள் மாதிரி பழைய இடத்திலேயே வந்து நின்றுகொண்டாள். மணிக்காரி எதையும் வெளியில் சொன்னதில்லை. ஆனால் தன் மணி மட்டும் ஒரு எண்ணிக்கை முன்பின் ஆனதில்லை என்பதில் அவளுக்கு ரொம்பப் பெருமை. பெருமை என்று சொல்வது குறைவு, திமிர் என்றே சொல்லலாம்.

அவள் புருஷன் கிணறு வெட்டுகிறவர். கல்யாணமான நாளிலிருந்து பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லாவற்றுக்கும் ‘அடியே’தான். நண்பகல் மணிக்குப் பிறகுதான் சாப்பாடு என்பதால், காலையில் கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது தவறாமல் ஒரு கிண்டல்.

“அடியே, இன்னைக்காவது சீக்கிரம் அடி. வயிறு பொறுக்க மாட்டேங்குது.”

“நேரம் வந்தா அடிப்பேன். உங்க வயித்துக்காக சாமி ஓடுவாரா?”

இதையே எத்தனை வருஷம் பேசினார்கள் என்று தெரியாது. அலுக்கவில்லை.

அந்த வருஷம் சாயப்பட்டறையின் பின்முற்றத்தில் கிணறு தோண்டினார். கோபுரத்துக்கு நேர் கீழே, எட்டிப் பார்த்தால் தெரிகிற இடம். அவர் உள்ளே இறங்கி வெட்டுவார், மேலே கூடைக் கயிற்றைப் பிடிப்பது அவர் தம்பி. வழக்கமாக முதல் மணிக்கு முன்பே ஏறிவிடுவார். அன்றைக்கு ஊற்று பிடிபடுகிற மாதிரி இருந்ததால் இன்னும் நாலு வெட்டு என்று உள்ளேயே நின்றுவிட்டார். முதல் மணி அடித்தது. தம்பி கயிற்றைப் பிடித்தபடியே கண்ணை மூடினான்.

அவள் முப்பத்தைந்து எண்ணியபோது பக்கவாட்டு மண் சரிந்தது. ஒரு குருவி கத்தினாலும் கேட்கிற அமைதி. நாற்பதில் கிணற்றுக்குள்ளிருந்து அவர் குரல் வந்தது.

“அடியே, அடி.”

திரும்பவும் அதையேதான் கத்தினார். மூன்றாம் தடவை ‘அடி’ பாதியில் நின்றது. அவள் கை மணிக்கயிற்றில்தான் இருந்தது. நிழல் இரண்டு கோட்டுக்கும் நடுவில் இருந்தது. அவள் நாற்பத்தொன்று என்றாள், நாற்பத்திரண்டு என்றாள். கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டக் கொட்ட நூறு வரைக்கும் எண்ணிவிட்டுத்தான் அடித்தாள். கீழே தம்பி கயிற்றை இழுத்தான். கூடை காலியாக வந்தது.

காரியமெல்லாம் முடிந்த பிறகு தம்பி பூசாரியிடம் போய் அழுதிருக்கிறான். அண்ணன் என்னமோ கத்தினார், ‘அடியேன், அடி’ என்று காதில் விழுந்தது, சாமி பாதத்தைத்தான் கூப்பிட்டார் போலிருக்கிறது என்று சொல்லியிருக்கிறான். பாவம், அவனுக்கும் தூங்க வேண்டுமே. பெரிய பூசாரி அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கிணற்றுக்குள் மண் மூடும்போதும் அசையாமல் நின்று சாமியின் அடியைப் பாடிய அடியார் என்று கோயில் சுவரில் படம் எழுத ஏற்பாடாயிற்று. நாத்தனார் வீடு தேடி வந்து சொன்னாள்.

“அண்ணி, கண் திறந்து இருந்தது நீங்க ஒருத்திதான். நாளைக்கு சபையில நீங்க சாட்சி சொன்னாத்தான் படம் எழுதுவாங்களாம். அண்ணனுக்கு எவ்வளவு பெரிய மரியாதை, யோசிச்சுப் பாருங்க.”

அவள் ராத்திரி முழுக்க யோசித்துப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லிவிட்டால் யாரும் அவளை ஒரு வார்த்தை கேட்கப் போவதில்லை. ஆனால் அந்த மனுஷன் கடைசியாகக் கூப்பிட்டது சாமியை அல்ல, அவளை. அதையும் தூக்கிக் கோயிலுக்குக் கொடுத்துவிட்டால் அவளிடம் மிஞ்ச என்ன இருக்கிறது?

சபையில் கூட்டம் நெரிந்தது. பெரிய பூசாரி கனிவாகத்தான் கேட்டார்.

“அவர் அடியேன்னு சொன்னது உனக்குக் கேட்டுச்சாம்மா?”

“அடியேன் இல்லைங்க. அடியேன்னுதான், ஆனா அடியேன்னு இல்ல.” தானே சொல்வது தனக்கே குழப்பமாக இருக்க, அவள் நிறுத்தி மறுபடி தொடங்கினாள். “அடியே, அடி. அதுதான் அவர் சொன்னது. என்னைத்தான் கூப்பிட்டார். மணியை அடிக்கச் சொன்னார்.”

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். நாத்தனார் முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள். பூசாரி அவளையே பார்த்துக் கேட்டார்.

“அப்படின்னா நீ ஏன் அடிக்கல?”

இதைத்தான் அவள் எதிர்பார்த்து வந்தாள். கல்லெடுத்து அடிப்பார்கள், ஊரைவிட்டுத் துரத்துவார்கள், புருஷனைக் கொன்றவள் என்பார்கள் என்று நினைத்தாள். அப்படி யாராவது சொன்னால் தேவலை என்றுகூட இருந்தது.

“நிழல் கோட்டைத் தாண்டல.”

பூசாரியின் முகம் மலர்ந்தது. சபையைப் பார்த்துக் கைகூப்பினார்.

“கேட்டுக்கோங்க. புருஷனே கூப்பிட்டும் கோடு தாண்டாம அடிக்காத கை இது.” பிறகு அவள் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். “மத்தது விடும்மா. அந்த நேரத்துப் பதட்டத்துல காது எப்படி வேணும்னாலும் கேக்கும்.”

கூட்டம் அவளைக் கும்பிட்டது. ஒருத்தி காலில்கூட விழுந்தாள்.

படம் பத்து நாளில் முடிந்தது. கழுத்து வரை மண்ணில் புதைந்து சிரித்துக்கொண்டே நிற்கிறார், வாயருகே ‘அடியேன்’ என்று எழுதியிருக்கிறது. அவர் உயிரோடிருந்தபோது அப்படியெல்லாம் பல் தெரியச் சிரித்ததே கிடையாது. மேலே ஒரு கோபுரம், அதில் அவளையும் வரைந்துவிட்டார்கள், கையில் கயிற்றோடு. அதன் கீழே ‘அசையாதவள்’ என்று பேர். அவள் அதை ஒரே ஒரு முறைதான் பார்த்தாள்.

மறுநாள் எண்பதில் இரண்டாம் மணியை அடித்தாள். கீழே எல்லோரும் கண்ணைத் திறந்து அவரவர் வேலையைப் பார்க்கப் போனார்கள். அடுத்த வாரம் அறுபதாக்கினாள். பூசாரிக்கு முதுகு சொறிய நேரம் போதவில்லை, அவ்வளவுதான்.

இப்போதெல்லாம் நாற்பதில் அடிக்கிறாள். கண்ணை மூடி நிற்கிறவர்களுக்கு நாற்பதும் ஒன்றுதான், நூறும் ஒன்றுதான். யாருக்கும் சந்தேகம் வரவில்லை. நாற்பது என்றதும், “இதோ அடிச்சுட்டேன்” என்று வாய்விட்டுச் சொல்லிக் கயிற்றை இழுப்பாள். இழுத்த கையோடு அண்ணாந்து பார்ப்பாள். சுமை உருளவில்லை, சாமி திரும்பிக்கூடப் பார்க்காமல் தன்பாட்டுக்கு மேற்கே நடந்துகொண்டிருப்பார். அன்றைக்கும் அப்படித்தான் போயிருப்பார்.