பட்டினி கிடக்க வேண்டிய போன்

மார்ச் 2: அடிக்க வேண்டிய மணி 186, நேரத்துக்கு அடிக்காதது 11.
மார்ச் 3: 186, 9.
மார்ச் 4: 186, 14.
மார்ச் 6: மருத்துவமனையின் முதல் கடிதம். கெடு மார்ச் 20.

இவை என் மருமகளிடம் கேட்டு என் நோட்டில் குறித்துக்கொண்டவை. மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்ட அறுபத்திரண்டு பேருக்கு, தினம் மூன்று வேளை மருந்து நேரத்தில் போனில் மணி அடிக்கும் செயலியை எழுதியவள் அவள். வேளை தவறினால் புதுச் சிறுநீரகத்துக்கே ஆபத்து. இருபதாம் தேதிக்குள் கோளாறு தீராவிட்டால் செயலியை நிறுத்திவிடுவதாகக் கடிதம் சொன்னது.

அன்று மாலையே தையற்காரர் ஒருவர் கூப்பிட்டார். தனியாக வசிப்பவர், அவருடைய போனில்தான் அதிகம் தவறியிருந்தது. திட்டப்போகிறார் என்று நினைத்தோம்.

"மெஷின்ல உக்காந்தா எனக்கு நேரமே தெரியாதும்மா. அப்பப்ப தப்பினாலும் பரவால்ல, இந்த ஆப்பை எடுத்து மட்டும் விட்டுடாதீங்க" என்றார்.

மறுநாள் முதல் எங்கள் வீட்டுப் பின்னறை மேசையில் மூன்று போன்களைக் கேபிளால் கணினியோடு இணைத்துச் சோதித்தாள். நான்கு நாளில் 120 மணி. ஒன்றுகூடத் தவறவில்லை. வேறொருவராக இருந்தால் தம் பக்கம் தப்பில்லை என்று எழுதிக் கைகழுவியிருப்பார். இவள் கேபிளைச் சந்தேகப்பட்டாள். அதன் வழியே மின்சாரமும் போகிறது. சார்ஜ் ஏறும் போன் கண் அயர்வதில்லை. கேபிள் இல்லாமல் அசையாது கிடக்கும் போன்தான் பேட்டரியை மிச்சம் பிடிக்க உறங்குகிறது. அந்த உறக்கத்தில் மணியைத் தள்ளிப்போடுகிறதோ?

அவளுடைய கம்பெனி மேலாளர் சுருக்குவழி சொன்னார். இணையம் வழியாகத் தையற்காரரின் போனுக்குள் நுழைந்து, இருந்த இடத்திலிருந்தே பார்த்துவிடலாம். ஒரு மணி நேர வேலை.

"அவரோட போட்டோ, மெசேஜ் எல்லாம் நம்ம கண்ணுல படும் சார். அதுவும் போகட்டும், நாம உள்ள போனாலே போன் முழிச்சுக்கும். தூங்குறவரை உலுக்கி, தூங்குறீங்களான்னு கேட்ட கதையாயிடும்" என்றாள்.

மேலாளர் சிரித்தார். கெடு நகராது என்றும் சொன்னார்.

மூன்றாவது வழி, வீட்டு வைஃபை. போன்களைக் கேபிளிலிருந்து கழற்றி அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். எப்போது உறங்கின, எப்போது மணி அடித்தன என்ற பதிவுகள் கம்பியில்லாமல் கணினிக்கு வந்தன. இரண்டு நாள் இணைப்பு அறுந்து அறுந்து போனது. பதிவைப் போனே சேர்த்துவைத்து, இணைப்பு வந்ததும் அனுப்பும்படி மாற்றினாள். யாரும் போனை எடுக்கக் கூடாது என்று எங்களிடம் சொல்லிவைத்தாள்.

மார்ச் 13, பிற்பகல் 2.10. நடுப்போனில் சிவப்பு விளக்கு சிமிட்டியது. தையற்காரரிடம் இருக்கும் அதே மாடல். எடுக்கத்தானே கூடாது? இருந்த இடத்திலேயே சார்ஜரைச் செருகிவிட்டேன். மூன்று மணிக்கு டாணென்று அடித்தது. வந்து பார்த்தவள் சார்ஜரைக் கழற்றினாள்.

"மாமா, விருந்து வெச்சுட்டீங்களே. இது பட்டினி கிடக்க வேண்டிய போன்."

ஏழே நாள் மீதி இருந்த நேரத்தில் ஒரு நாள் பாழ். மேலாளருக்கு அவள் அனுப்பிய அறிக்கையை அப்புறம் பார்த்தேன்: "இன்றைய சோதனை வீண். போனில் குறிப்பு ஒட்டாதது என் கவனக்குறைவு." அதில் நான் எங்கும் இல்லை. என் நோட்டில் இருக்கிறேன். என் மனைவி ஒரு வாரம் என்னைச் 'சார்ஜர்' என்றே கூப்பிட்டாள்.

மார்ச் 15 அன்று அதே போனில் எட்டு மணிக்கு அடிக்க வேண்டிய மணி 8.47-க்கு அடித்தது. பதிவில் எல்லாம் வரிவரியாக இருந்தன: போன் உறங்கியது, மணியை வரிசையில் நிறுத்தியது, விழித்ததும் விட்டது. உறக்கத்திலும் அடித்தே தீரும் வகையாக அந்த மணியை மாற்றினாள். இரண்டு நாள் மேல்தட்டிலேயே கிடத்திச் சோதித்த பிறகு, பதினெட்டாம் தேதி திருத்திய செயலியை எல்லாருக்கும் அனுப்பினாள்.

மார்ச் 19: 186, 0.
மார்ச் 20: 186, 0.

தையற்காரரைக் கூப்பிட்டு, மணி அடித்ததா என்று கேட்டாள்.

"அடிச்சுது. திடுக்குன்னு ஊசியைக் கைல குத்திக்கிட்டேன். ரொம்ப சந்தோஷம்மா."

செயலி தொடரும், இன்னும் நாற்பது பேருக்கும் தரப்படும் என்று மருத்துவமனை எழுதியது. இந்த விஷயத்தில் அதுவே கடைசிக் கடிதம். வந்து சேர்ந்த தேதி மார்ச் 27.