முதலில் திவால், பிறகு விவாகரத்து

முதலில் மரத்துப்போனவை விரல் நுனிகள்தான். தலை பின்னிக்கொண்டிருந்தேன். முடி கையில் இருக்கிறதா இல்லையா என்பதைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. மறுநாள், டெக்சஸின் பிளானோ நகரில், என் அபார்ட்மென்ட் படிக்கட்டில் கால்கள் மடங்கின. வலி இல்லை, அதனால் பயமும் வரவில்லை. அப்படியே படியில் உட்கார்ந்து, "இது என்ன புதுசா இருக்கு" என்றுதான் யோசித்தேன்.

அப்போது எனக்கு நாற்பத்தேழு வயது. கணவர் முரளியும் நானும் தனித்தனி வீட்டில் இருக்கத் தொடங்கி எட்டு மாதம் ஆகியிருந்தது. விவாகரத்து மனு கோர்ட்டில் இருந்தது. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. மகள் அனுவை யார் கூட்டிவருவது, பால் வாங்கியாயிற்றா என்பதைத் தவிர எங்களுக்குள் பேச்சு இல்லாமல் போயிருந்தது. அவள் காலேஜுக்குப் போனதும் அந்தப் பேச்சும் தீர்ந்தது.

அதே வருடம் முரளிக்கு வேலை போனது. அந்த வேலையோடு எங்கள் இருவரின் மருத்துவ இன்சூரன்ஸும் போனது. நான் பார்த்த கான்ட்ராக்ட் வேலையில் இன்சூரன்ஸ் கிடையாது. சொந்தமாக அடுத்த மாதம் எடுத்துக்கொள்ளலாம் என்று இரண்டு மாதம் தள்ளினேன். இதைப் படிக்கிறவர்கள் தயவுசெய்து தள்ளாதீர்கள்.

விரலால் போனை இயக்க முடியவில்லை. யாரையாவது கூப்பிடு என்று போனிடம் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. வாயில் வந்த பெயர் முரளி.

முரளி வந்து கொண்டுபோய்ச் சேர்த்த ஆஸ்பத்திரி எமர்ஜென்சியில் ஒரு இளம் டாக்டர் சிறு சுத்தியலால் என் முழங்காலைத் தட்டினார். கால் அசையவில்லை. மறுபடி தட்டினார். "இரண்டு வாரத்துக்கு முன்னால் வயிற்றுப்போக்கு ஏதாவது இருந்ததா?" என்று கேட்டார். இருந்தது. வயிற்றுக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது, நல்ல கேள்வி கேட்ட மாணவியைப் பார்ப்பதுபோல.

கில்லன்-பாரே நோய் (கிருமியை எதிர்க்கக் கிளம்பிய உடல், ஆள் மாறாட்டத்தில் தன் நரம்புகளையே தாக்குவது). அன்று மாலைக்குள் மூச்சு குறைந்தது. வென்டிலேட்டரில் (இயந்திரச் சுவாசத்தில்) பதினோரு நாள். இம்யூனோகுளோபுலின் (மற்றவர்கள் தானம் தந்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த எதிர்ப்புப் புரதம்) ஊசிவழி ஏற்றினார்கள். நர்ஸ் என் காலைத் தூக்கி வைத்தால், அது இடதா வலதா என்று பார்த்துத்தான் சொல்ல முடியும். என் உடம்பை நான் எட்ட நின்று கவனித்துக்கொண்டிருந்தேன்.

ஐந்து வாரம், நடக்கப் பயிற்சி தரும் மறுவாழ்வு மையத்தில் இருந்துவிட்டு, வாக்கரைப் பிடித்தபடி வீடு திரும்பினேன். விடுமுறைக்கு வந்த அனு எனக்குச் சாதம் ஊட்டினாள். அப்போதுதான் பில்கள் வரத் தொடங்கின. சில என் பெயரில் என் வீட்டுக்கு, சில முரளி பெயரில் அவர் வீட்டுக்கு. எல்லாவற்றையும் கூட்டினால் நாங்கள் இருவரும் ஆயுள் முழுக்கக் கட்டினாலும் தீராது. நோயாளி நான். பிரியப்போகிற மனிதருக்கு எதற்குப் பில்? எனக்கு இதைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க முடியவில்லை.

திவால் வழக்குகள் பார்க்கும் ஒரு பெண் வக்கீலிடம் இருவரும் போனோம். நான் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருந்தேன். "இது என் நோய், என் கடன். நான் மட்டும் திவால் மனு போடுகிறேன். இவரை விட்டுவிடுங்கள்."

வக்கீல் மறுத்துத் தலையசைத்தார். "நீங்கள் போட்டால் நீங்கள் மட்டும்தான் விடுபடுவீர்கள். ஆஸ்பத்திரி முழுத் தொகைக்கும் இவரிடம் வரும். எமர்ஜென்சியில் பணத்துக்குப் பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டிருக்கிறார்."

நான் முரளியைப் பார்த்தேன். "எதுக்குப் போட்டீங்க?"

"பேனா குடுத்தாங்க, போட்டேன். நீ மூச்சு விட முடியாம கெடந்த. உக்காந்து படிச்சிட்டு இருக்கச் சொல்றியா?"

"போடாமல் இருந்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை," என்றார் வக்கீல். டெக்சஸில் பிரிவு, தனி வீடு எதுவும் கணக்கில்லை, தீர்ப்பு வரும்வரை கணவன் மனைவிதான் என்பதை அவர் பொறுமையாக விளக்கினார். மனைவியின் அவசிய மருத்துவச் செலவுக்குக் கணவனும் பொறுப்பு, கணவனுடையதற்கு மனைவியும்.

"விவாகரத்துத் தீர்ப்பிலேயே கடன் என்னுடையது என்று எழுதிவிட்டால்?"

"அது உங்கள் இருவருக்குள் உள்ள ஒப்பந்தம். ஆஸ்பத்திரி அதில் கையெழுத்துப் போடவில்லையே."

இத்தனை நாள் என் நோய் என் தோலுக்குள் முடிகிறது என்று நினைத்திருந்தேன். வேறொரு வீட்டில் தனியே சமைத்துச் சாப்பிடும் ஒரு மனிதர்வரை அது நீண்டிருந்தது.

வக்கீல் சொன்ன வழி விசித்திரமாக இருந்தது. விவாகரத்தை நிறுத்தி வையுங்கள். சட்டப்படி தம்பதியாக இருக்கும்போதே இருவரும் சேர்ந்து ஒரே மனு போடுங்கள். இருவரின் கடனும் ஒன்றாக நீங்கும். அதன்பின் பிரியுங்கள். ஆனால் முரளியின் பெயரிலும் திவால் பதிவாகும். அவர் வாங்க நினைத்திருந்த சிறு வீடு பல வருடம் தள்ளிப்போகும்.

பார்க்கிங்கில் முரளி காரில் ஏறாமல் நின்றார். "எத்தன மாசம் ஆகும்?"

"ஆறு மாசம் வரைக்கும் ஆகலாம்னாங்க. உங்களுக்கு வேணாம்னா சொல்லிடுங்க. நான் தப்பா எடுத்துக்க மாட்டேன்."

"பதினோரு நாள் அந்த மெஷின் சத்தத்த கேட்டுட்டு உக்காந்திருந்தேன், சுதா. அத விடவா இது? சேந்தே போடலாம்."

அனுவிடம் சொன்னபோது அவள் குழம்பினாள். "வெயிட், ஸோ ஆர் யூ கைஸ் கெட்டிங் டிவோர்ஸ்ட் ஆர் நாட்?"

"கண்டிப்பா. ஆனா முதல்ல திவால்."

மனு போடும் முன் பணத்தை நிர்வகிப்பது பற்றி இருவரும் ஆன்லைனில் ஒரு வகுப்பை முடித்தாக வேண்டும். என் சாப்பாட்டு மேஜையில் ஒரே லேப்டாப் முன் உட்கார்ந்தோம். விடைகளை அவர் சொன்னார், நான் ஒற்றை விரலால் தட்டினேன். கல்யாணத்துக்கு இப்படி யாரும் வகுப்பு வைக்கவில்லையே என்றேன். அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பைக் கேட்டு எத்தனை வருடம் ஆயிற்று என்று நினைத்துப் பார்த்தேன். விவாகரத்து வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியதையும் மறைக்கப்போவதில்லை. ஆனால் வகுப்பு முடிந்ததும் பேச ஒன்றும் இருக்கவில்லை. இருவருக்கும் அது தெரிந்தது. அவர் தன் டம்ளரைக் கழுவி வைத்துவிட்டுக் கிளம்பினார்.

கடன் கொடுத்தவர்களுக்கான விசாரணை வீடியோவில் நடந்தது. சத்தியம் செய்ய வலது கையை உயர்த்தச் சொன்னார் வழக்கின் பொறுப்பாளர். என் கை தோள்வரைதான் வந்தது, அதுவும் நடுங்கிக்கொண்டு. "இவ்வளவு போதும் மேடம்," என்றார் அவர். கேள்விகள் சில நிமிடத்தில் முடிந்தன. சில மாதங்களில் கடன் நீக்க உத்தரவு வந்தது. அடுத்த மாதம் விவாகரத்தும் முடிந்தது. ஒவ்வொரு மாநிலத்துக்கும் சட்டம் வேறு. எங்களுக்குச் சரியானது உங்களுக்கு ஆகாமல் போகலாம். எதிலும் கையெழுத்திடும் முன், எதை முதலில் செய்வது என்று ஒரு வக்கீலிடம் கேளுங்கள்.

நரம்பு மிக மெதுவாகத்தான் வளரும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் மாதங்களை எண்ணுவதை விட்டுவிட்டேன். உணர்ச்சி முழங்கால்வரை வந்த காலம், கணுக்கால்வரை வந்த காலம் என்றே எனக்கு நினைவிருக்கிறது. ஏதோ தூரத்து ஊரிலிருந்து நடந்தே வருவதுபோல அது வருகிறது. அதை அவசரப்படுத்த முடியாது.

போன வாரம் காலையில் பாத்ரூமில் கால் கட்டைவிரல்களில் ஏதோ பட்டது. என்னவென்று புரியச் சில நொடிகள் ஆயின. முரளியை அழைத்தேன்.

"சில்லுனு இருக்கு," என்றேன்.

"எது?"

"தரை."

"செருப்ப போட்டுக்கோ, ஜலதோஷம் பிடிச்சுக்கும்," என்றார்.

நான் போட்டுக்கொள்ளவில்லை. இன்னும் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றேன்.