வழக்கு எண் மூன்று: வேன் அங்கிள்

அந்தப் புத்தகப் பெட்டியைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தவரே நாகரத்தினம்தான். யாரைக் குற்றம் சொல்ல முடியும்? தானா ராத்தா பஸ் நிலையத்தில் வந்து கிடந்த பெட்டியை, நூலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பூவிழி டீச்சர் கேட்டாரே என்று தம் வேனில் ஏற்றி, இடுப்பு வலியோடு மாடி வரைக்கும் தூக்கிக் கொடுத்தார். உள்ளே இருந்தது பதினான்கு பாகம். 'மஞ்சள் குடைத் துப்பறிவாளர்கள்' என்று பெயர். நாலு பொடிசுகள் இரகசியச் சங்கம் வைத்துக்கொண்டு ஊரில் நடக்கிற திருட்டையெல்லாம் கண்டுபிடிக்கிற கதை. அந்த ஊரில் போலீஸ் என்று ஒன்று இருக்கிறதா இல்லையா என்று எழுதியவருக்குக் கவலையே இல்லை. அதைவிடக் கொடுமை, மூன்று பாகத்துக்கு ஒரு தடவை கடைசியில் மாட்டிக்கொள்கிறவன் டிரைவராக இருந்தான்.

ஒரே மாதத்தில் அவருடைய வேனுக்குள்ளேயே சங்கம் முளைத்துவிட்டது. தலைவி ரூபினி, பதினொரு வயது. தேயிலைக் கொழுந்து பறிக்கும் திலகாவின் மகள். அடுத்தவன் லோகேஸ்வரன், பத்து வயது, வாயை மூடத் தெரியாதவன். மூன்றாவது ஆள் சாந்தினி, இந்த வருடம்தான் ஒன்றாம் ஆண்டு. மீதி ஆறு பிள்ளைகளுக்குச் சங்கத்தில் இடமில்லையாம். பின் இருக்கைதான் தலைமையகம். ஏறுகிறபோது இரகசியச் சொல்லைச் சொல்ல வேண்டும், தினம் ஒரு காய்கறியின் பெயர். சாந்தினி தினமும் அதை மறந்துவிட்டுப் படியிலேயே நின்றாள்.

"ஏறு புள்ள, மணி ஆச்சு!"

"இருங்க அங்கிள். யோசிக்கிறேன்."

"கோபிஸ்னு சொல்லிட்டு ஏறு! நேத்து தக்காளி, இன்னிக்கு கோபிஸ். எனக்கே தெரியுது, உனக்குத் தெரியலியா?"

"அங்கிள், நீங்க ஒட்டுக்கேட்டீங்களா?" என்று உள்ளேயிருந்து ரூபினி அதட்டினாள். வேன் அவருடையது, டீசல் அவருடையது, அதட்டல் அவளுடையது.

நாகரத்தினத்துக்கு அறுபத்தொன்று. பிறந்தது இதே எஸ்டேட் லயத்து வரிசை வீட்டில். பத்தொன்பது வயதில் கொழுந்து லோரியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். ஒருமுறை குறுகிய மலைப் பாதையில் துரையின் காரும் இவருடைய லோரியும் நேருக்கு நேர் நின்றுவிட, துரைக்கு ரிவர்ஸ் எடுக்க வரவில்லை. கொட்டுகிற மழையில், முழுச் சுமையோடு, அரை மைல் தூரம் பின்னோக்கியே ஓட்டிப்போய் வழி விட்டவர் நாகரத்தினம். இந்தக் கதையைக் கேட்காதவர் எஸ்டேட்டில் யாரும் இல்லை. இரண்டு தடவைக்குக் குறைவாகக் கேட்டவரும் இல்லை. பிறகு பழைய வேன் ஒன்றை வாங்கி, பதினேழு வருடமாக லயத்துப் பிள்ளைகளைக் கியா பார்ம் வழியாகத் தானா ராத்தா பள்ளிக்கு ஏற்றி இறக்குகிறார். வண்டியில் ஒரு கீறல் விழுந்ததில்லை. ஆனால் அவர் வாயில் விழாதவர்கள் குறைவு. தேயிலையைப் படம் பிடிக்க நடுரோட்டில் காரை நிறுத்துகிற வெளியூர்க்காரர்கள், காய்கறி லோரிக்காரர்கள், மழை, ரேடியோவில் பேசுகிற பெண் என்று தினமும் ஒரு சுற்று வருவார்.

அப்படிப்பட்டவருக்குப் போன வருடத்திலிருந்து கண் சரியில்லை. எண்ணெய் படிந்த கண்ணாடி வழியாகப் பார்ப்பதுபோல எல்லாம் மங்கியது. முதலில் வேன் கண்ணாடியைத்தான் சந்தேகப்பட்டு, ஒரு நாளைக்கு மூன்று தடவை துடைத்தார். பிறகு பனியின் மேல் பழியைப் போட்டார். இந்த மலையில் பனிக்குப் பஞ்சமில்லை என்பது வசதியாகப் போயிற்று. மனைவி ரஞ்சிதம் ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போனாள். புரை விழுந்திருக்கிறது என்று அவருக்கே உள்ளுக்குள் தெரியும். அடுத்த மாதம் வேன் லைசென்ஸைப் புதுப்பிக்க டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். டாக்டர் கண்ணில் விளக்கடித்துப் பார்த்தால் வண்டி நின்றுவிடும். வண்டியை விட்டால் அவருக்கு வேறு தொழில் தெரியாது. யாருக்கும் தெரியாமல் இந்த ஒரு மாதத்தைத் தள்ளினால் பிறகு ஏதாவது வழி பிறக்கும் என்று நினைத்தார். என்ன வழி என்று மட்டும் யோசிக்கவில்லை.

ஒளித்து வைக்க ஒரு விஷயம் இருக்கிற மனிதனுக்கு, முதுகுக்குப் பின்னால் மூன்று துப்பறிவாளர்கள்! இதைவிடத் தலையெழுத்து வேறென்ன வேண்டும்?

சங்கத்தார் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார்கள். திரும்பினால் குறிப்பு, இருமினால் குறிப்பு. ரூபினி மடியில் எப்போதும் ஒரு நீல அட்டை நோட்டு. போதாக்குறைக்கு, இரண்டாவது வாரத்தில் இடம் மாறி உட்கார்ந்துகொண்டு கத்தவும் ஆரம்பித்தார்கள்.

"அங்கிள், எதிர்ல லோரி!"

"அங்கிள், இந்தப் பக்கம் வாய்க்கா!"

"அங்கிள், மோட்டார்! செவப்பு மோட்டார்!" இது சாந்தினி, எதிரே வந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து.

"எனக்குத் தெரியுதுலா! நான் என்ன குருடனா?" என்று கத்திவிட்டு, அந்த வார்த்தை தம் வாயிலேயே வந்துவிட்டதே என்று அவருக்கு வியர்த்தது. ரேடியோவைக் கூட்டி வைத்தார். அவர்கள் அதற்கு மேல் கத்தினார்கள்.

ஒரு வியாழக்கிழமை திரும்பி வரும்போது லோகேஸ்வரன் அவர் காதுக்குள்ளேயே "லோரி!" என்று அலறினான். பொறுமை போய்விட்டது. ஓரமாக வண்டியை நிறுத்தி இறங்கி, பின்கதவைத் திறந்து, கையை நீட்டினார்.

"அந்த நோட்டக் குடு."

ரூபினியின் முகம் வெளுத்தது. "அது சங்கத்து இரகசியம் அங்கிள். தர முடியாது."

"தரலேன்னா நாளைக்கு ஹெட்மாஸ்டர் வந்து வாங்குவாரு."

கொடுத்தாள். அழுவாள் என்று எதிர்பார்த்தார், அழவில்லை. "படிக்காதீங்க அங்கிள்" என்று மட்டும் சொன்னாள். தாம் ஜெயித்துவிட்டதாகவே நினைத்து நாகரத்தினம் வீட்டுக்கு வந்தார்.

டீ குடித்துக்கொண்டே நோட்டைப் பிரித்தார். பென்சில் எழுத்து, பொடிப் பொடியாக. சன்னலோரம் கொண்டுபோயும் பிடிபடவில்லை. "ரஞ்சிதம், இத கொஞ்சம் படி. எழுத்தாம் எழுத்து. சிரிக்கலாம் வா" என்றார்.

ரஞ்சிதம் சிரித்துக்கொண்டேதான் ஆரம்பித்தாள்.

"வழக்கு எண் மூன்று. சந்தேகத்துக்குரிய நபர், வேன் அங்கிள். திங்கள். அங்கிள் பனி என்றார். பனி இல்லை. வெயில் அடித்தது. செவ்வாய். பூவிழி டீச்சர் பக்கத்தில் நின்று கையசைத்தார். யாரது என்று அங்கிள் கேட்டார். புதன். கியா பார்ம் வளைவில் காய்கறி லோரி வந்தது. அங்கிள் பார்க்கவில்லை. லோகேஸ் கத்தினான். அங்கிள் லோகேஸைத் திட்டினார்."

"போதும்" என்றார் நாகரத்தினம்.

"இருங்க, இருக்குது. கண்டுபிடிப்பு. அங்கிளுக்குக் கண் தெரியவில்லை. தீர்மானம். வீட்டில் யாரும் சொல்லக்கூடாது. சொன்னால் அங்கிளுக்கு வேலை போய்விடும். சத்தியம் செய்தோம். இன்று முதல் காவல் பணி. எதிர் வண்டிகளை ரூபினி பார்க்க வேண்டும். வாய்க்கால், லோகேஸ். மோட்டார், சாந்தினி." ரஞ்சிதம் அடுத்த பக்கத்தைத் திருப்பினாள். குரல் இறங்கிவிட்டது. "சாந்தினி நேற்றுத் தூங்கிவிட்டாள். எச்சரிக்கை கொடுக்கப்பட்டது. அவள் அழுதாள். இனித் தூங்க மாட்டேன் என்றாள்."

நாகரத்தினம் முதலில் பிள்ளைகள் மேல் கோபப்பட்டார். பிறகு ரஞ்சிதத்தின் மேல். மூன்றாவதாகக் கோபப்பட வேறு ஆள் இல்லை. ஏழு வயதுப் பிள்ளை தூங்கினதுக்கு எச்சரிக்கை வாங்கியிருக்கிறது. யாருக்காக? கீறல் விழாத வண்டி என்று ஊரெல்லாம் பெருமையடித்தாரே, கடைசியில் இத்தனை நாளாக அந்த வண்டியை ஓட்டியதே மூன்று பிள்ளைகள்தான்.

சட்டையை மாட்டிக்கொண்டு இறங்கினார். இருட்டுவதற்குள் ஒன்பது வீட்டுக் கதவையும் தட்டினார். எல்லா வீட்டிலும் ஒரே பேச்சுத்தான். எனக்குக் கண் சரியா தெரியல, தெரிஞ்சும் ஓட்டிட்டேன், இனி ஓட்ட மாட்டேன். லோகேஸ்வரனின் அப்பா சட்டையைப் பிடிக்கவே வந்துவிட்டார். நாகரத்தினம் விலகாமல் நின்றார். திலகா கத்தவில்லை. சமையல்கட்டு வாசலைப் பிடித்துக்கொண்டு, "தெனம் நான்தானண்ணே கைய புடிச்சி ஏத்தி விட்டேன்" என்று மட்டும் சொன்னாள். சட்டையைப் பிடித்திருந்தால்கூடத் தேவலை என்று அவருக்கு இருந்தது.

மறுநாள் காலையில் வேறொரு வேன் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் புனிதன், பிரிஞ்சாங்கில் பள்ளி வேன் ஓட்டுகிறவன். நாகரத்தினம் போன் போட்டு வரச் சொல்லியிருந்தார். ஆஸ்பத்திரிக்குப் போவதற்காக அவரும் முன் இருக்கையில் ஏறிக்கொண்டார்.

ரூபினி நேராகச் சாந்தினியைப் பார்த்தாள். "நீதானே சொன்ன? சத்தியத்த மீறிட்டியா?"

சாந்தினி இல்லையென்று வேகமாகத் தலையாட்டினாள்.

"அவள விடு. நான்தான் சொன்னேன்" என்றார் நாகரத்தினம்.

"நீங்களா?" ரூபினிக்கு நம்ப முடியவில்லை. "நாங்க யார்கிட்டயும் சொல்லாம காப்பாத்தி வச்சிருந்தோம். நீங்களே போயி சொல்லிட்டீங்களா? வேலை போச்சுன்னா இனிமே என்ன செய்வீங்க அங்கிள்?"

"அது என் பாடு. ரோட்ட பாக்கறது உன் வேலையில்ல ரூபினி. நான் பாக்க வேண்டியத உன்ன பாக்க வச்சிட்டேன். தப்பு என்னோடது. அவ்வளவுதான். ஏறு."

ஏறினாள். ஆனால் சாயவில்லை. முன் இருக்கையின் பின்கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, நாகரத்தினத்தின் தோளுக்கு மேலே ரோட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"லோரி" என்றாள், முதல் வளைவில்.

"தெரியுதும்மா" என்றான் புனிதன்.

"எதிர்ல கார். வெள்ளக் கார்."

"தெரியுது, தெரியுது."

"அங்க மறுபடியும் லோரி..."

நாகரத்தினம் திரும்பினார். கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. அவ்வளவு கிட்டத்தில் இருந்ததால் அவருக்கு அது நன்றாகவே தெரிந்தது.

"புனிதனுக்கு நல்லா கண்ணு தெரியும்" என்றார். "நீ விட்டுடு. போதும்."

ரூபினி ஒவ்வொரு விரலாக எடுத்தாள். பின்னால் சாய்ந்தாள். பிறகு பெருங்குரலெடுத்து அழ ஆரம்பித்தாள். சங்கத் தலைவி என்றெல்லாம் பார்க்கவில்லை, மூக்கு ஒழுக ஒழுக அழுதாள். அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்பது நாகரத்தினத்துக்கு அப்போதுதான் முழுசாக விளங்கியது.

"என்னம்மா, எதுக்கு அழுவுற, நிப்பாட்டு" என்றான் புனிதன்.

"நீ வாய மூடிட்டு ஓட்டு" என்று நாகரத்தினம் அவன் மேல் எரிந்து விழுந்தார். "புள்ள அழட்டும்."