நான்கில் மூன்று டாட்டா

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தின் வடமேற்கு மூலையில் மனிதர்களைவிடப் பன்றிகள்தான் அதிகம். ஆனால் வளர்ச்சி தாமதமானால் வீடு தேடி ஆள் வருவது மனிதக் குட்டிகளுக்கு மட்டுமே. அப்படி வருகிற ஆள் மார்லிஸ் ஹூக்ஸ்ட்ரா, வயது ஐம்பத்துநான்கு. நடக்க வேண்டிய மாதத்தில் நடக்காத, பேச வேண்டிய மாதத்தில் பேசாத பிள்ளைகளோடு இருபத்திரண்டு வருடமாகத் தரையில் சம்மணமிட்டுப் பயிற்சி கொடுக்கிறாள். முழங்கால் தேய்ந்துவிட்டது. வேறு எதுவும் தேய்ந்ததா என்று பார்க்க அலுவலகத்தில் படிவம் இல்லை.

சட்டப்படி மூன்று வயது வரைதான் இந்தச் சேவை. அப்புறம் பள்ளிக்கூடத்தின் பாடு. ஆகவே வீட்டார் மூன்றாவது பிறந்தநாள் கேக் வெட்டுவதற்கு முந்தைய நாள் மார்லிஸ் ஃபைலை மூடுவாள். முதல் பத்துப் பிள்ளைகளுக்கு அழுதாள். இப்போதெல்லாம் மூடியதும் பசிக்கிறது.

கோல்பிக்கு நாளை மூன்று.

அவன் அம்மா டானா முதல் நாளே ஒன்றுதான் கேட்டாள்: "அவங்கப்பா வேலைக்குக் கிளம்புறப்ப நிமிந்து பாத்து ஒரு டாட்டா காட்டணும். அது போதும்." ஒரு டாட்டா படிவத்துக்குப் போதவில்லை. 'பழகிய நபர் கிளம்பும்போது, நான்கு வாய்ப்புகளில் மூன்றில் கையசைப்பான்' என்று இலக்காக ஏறியது. பன்றிக் கொட்டகையில் வேலை பார்க்கும் அப்பா ரஸ், ஒன்றரை வருடம் தினமும் காலையில் வாசலில் நின்று கையாட்டிப் பார்த்தான். பிள்ளை ஜாடி மூடியைச் சுழற்றிக்கொண்டிருந்தது. போன குளிர்காலத்திலிருந்து ரஸ் நிற்பதில்லை. டானாவால் தாங்க முடியாதது அதுதான்.

அன்று மார்லிஸ் கதவைத் திறந்ததும் கோல்பி நிமிர்ந்து கையை ஆட்டினான்.

"பாருங்க, வந்ததும் வராததுமா உங்கள விரட்டுறான்!" என்றாள் டானா.

"பரவால்ல, வரிசையில இவன் முதல் ஆளில்ல."

மார்லிஸ் வெளியே போய்ப் போய் நான்கு முறை உள்ளே வந்தாள். வரும்போது நான்குக்கு நான்கு. போகும்போது பூஜ்யம்.

"அப்ப டிக் போட்டுரலாமா?"

"'கிளம்பும்போது'ன்னு எழுதித் தொலச்சிருக்கே, கண்ணு." பேனாவை மூடிவிட்டு, இரண்டு வருடமாகக் கேட்காததை மார்லிஸ் கேட்டாள். "ரஸ் எந்தக் கதவு வழியா வருவான்?"

"பின்பக்கம்தான். நேரா பேஸ்மென்ட்ல குளிச்சிட்டுத்தான் மேல வருவான். அந்த நாத்தத்தோட யாரு நடுவீட்டுக்குள்ள விடுவா?"

இந்த ஊரில் எல்லா வீட்டிலும் அதுதான் மரியாதை. ஆக, கோல்பியின் கணக்கில் அப்பா ஒருநாளும் வந்ததில்லை. மாலையானால் சோப்பு வாசனையோடு தரைக்கடியிலிருந்து முளைப்பார். வராத மனிதர் எப்படிப் போவார்?

"இன்னிக்கி முன்வாசல் வழியா வரச் சொல்லு. குளிக்காம."

"சோபாவ யாரு கழுவுறது?"

"அதுக்கெல்லாம் நாங்க ஆள் அனுப்புறதில்ல."

மார்லிஸின் நேரம் முடிந்துவிட்டது. ஆனாலும் டானா நீட்டிய, பன்றிக்கறி வைத்த ஹாம் பன்னைத் தின்றபடி உட்கார்ந்திருந்தாள். நாலரைக்கு முதலில் நாற்றம் வந்தது, பின்னாலேயே ரஸ்.

"பூட்ஸோட வரவா, கழட்டவா? என்ன கூத்து இது?"

மூடி சுழல்வது நின்றது. கோல்பி நிமிர்ந்து பார்த்தான். கையை ஆட்டினான்.

ரஸ் திரும்பித் தனக்குப் பின்னால் யார் என்று பார்த்தான். யாருமில்லை. "என்னப் போகச் சொல்றானா?"

"வந்துட்டியான்னு கேக்குறான்டா, மடையா," என்றாள் டானா. சோபாவை மறந்திருந்தாள்.

ரஸ் வாசல் கால்மிதியைவிட்டு நகரவில்லை. சாணி காய்ந்த கையைப் பாதிக்குத் தூக்கி, மெதுவாக ஆட்டினான்.

மார்லிஸ் படிவத்தில் 'நிறைவேறவில்லை' என்று டிக் போட்டாள். கீழே ஒரு வரி: 'தந்தை தினமும் முன்வாசல் வழியாக வரவும்.' தனக்குள்ளே ஏதாவது அசைகிறதா என்று ஒரு நிமிடம் கவனித்தாள். பசிதான். இன்னொரு பன்னை எடுத்துக்கொண்டாள்.

"டாட்டா, கோல்பி."

அவன் நிமிரவில்லை. அப்பாவின் பூட்ஸ் கயிற்றை இழுத்துக்கொண்டிருந்தான். மார்லிஸ் முன்வாசல் வழியாகவே வெளியே போனாள்.