நாலாவது லைனின் பதினோராம் நாள்

வினோதாவுக்குக் கோபம் வந்தால் குரல் தாழ்ந்துவிடும். ஓசூர் சிப்காட்டில் பிரேக் பாகங்கள் செய்யும் அந்தத் தொழிற்சாலையில் அவள் கத்தினால் யாரும் கவலைப்பட மாட்டார்கள். மெதுவாகப் பேச ஆரம்பித்தால்தான் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளிக்கொள்வார்கள்.

ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகை ஊர்க்காரி. அம்மா கெம்பம்மா ரோஜாத் தோட்டத்தில் கூலிக்குப் போய்ப் படிக்க வைத்தாள். பர்கூர் அரசுப் பொறியியல் கல்லூரியில் முடித்த கையோடு இங்கே வந்து, ஆறு வருடமாக நான்கு உற்பத்தி லைன்களின் கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்க்கிறாள். பெங்களூரிலிருக்கும் தலைமை அலுவலகத்துக்காரர்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. மாநில எல்லையிலுள்ள அத்திப்பள்ளியைத் தாண்டிவிட்டால் ஃபியூஸ் மாற்றத் தெரிந்தவர்கள்தான் இருப்பார்களாம். அந்த நம்பிக்கையோடு மோதுவதே வினோதாவுக்கு ஒரு தனிப் பிழைப்பாகப் போய்விட்டது.

அந்தச் செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ஸ்ரீராம் அவள் மேஜையில் ஒரு தாளை வைத்தார். நாலாவது லைன் கம்ப்யூட்டர் மாதத்தில் இரண்டு மூன்று முறை உறைந்துபோகிறது, லைன் நிற்கிறது. காரணம் என்ற கட்டத்தில் ஏற்கெனவே டைப் அடித்திருந்தது: ‘ஆபரேட்டரின் தவறான கையாளல்.’ ஆபரேட்டர் ஜமீர் அகமது. ஒப்பந்தத் தொழிலாளி. மாதக் கடைசியில் ஒப்பந்தம் முடிகிறது. இந்தத் தாளில் கையெழுத்து விழுந்தால் அவருக்கு அடுத்த மாதம் வேலை இல்லை.

“ஒரு கையெழுத்துதானேம்மா?” என்றார் ஸ்ரீராம்.

“கையெழுத்துதான் சார். அதனாலதான் போட மாட்டேன்.”

குரல் தாழ்ந்திருந்தது. ஸ்ரீராம் கவனித்திருக்க வேண்டும்.

“மூணு மாசம் முன்ன நீதானே எழுதிக் குடுத்த? ஜமீர் யூ.எஸ்.பி.ல போன் சார்ஜ் போட்டது காரணமா இருக்கலாம்னு?”

எழுதியது உண்மைதான். அன்றைக்கு வேறெதுவும் புரியவில்லை. காரணம் என்ற கட்டத்தைக் காலியாக விட வெட்கப்பட்டு, கண்ணில் பட்ட போன் ஒயரை எழுதிவிட்டாள். ‘இருக்கலாம்’ என்று அவள் எழுதியது கைமாறிக் கைமாறி ‘இருக்கிறது’ என்று ஆகி, இப்போது நோட்டீஸ் போர்டு வரை போய்விட்டது. நாலாவது லைன் ஆபரேட்டர் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று ஜமீரின் பெயரைப் போட்டு ஒட்டியிருந்தார்கள். சாப்பாட்டுக்குப் போகிறவர்கள் எல்லோரும் அதைப் படித்துவிட்டுத்தான் போவார்கள்.

அன்றைக்கே பெங்களூர்த் தலைமை அலுவலகத்து ராஜப்பனுக்குப் போன் போட்டாள். அந்தக் கம்ப்யூட்டர்களுக்கான மென்பொருளை எழுதியவர் அவர்தான்.

“மெமரி குறைஞ்சிக்கிட்டே வருது சார். ஆனா எந்தப் புரோகிராமும் கூடுதலா எடுக்கல. தினம் குறிச்சி வெச்சிருக்கேன். கெர்னலுக்குள்ளதான் போவுது.”

ராஜப்பன் சிரித்தார். கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் அடிவாரம். மற்றப் புரோகிராம்கள் கேட்கும் மெமரி இடத்தைக் கொடுத்து வாங்குவதும் அதுதான். அங்கேயே ஓட்டை என்று ஓசூரிலிருந்து ஒருத்தி சொன்னால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்?

“நாலு லைன்லயும் ஒரே கெர்னல், ஒரே ஸ்கேனர் டிரைவர். மூணு நல்லா ஓடுது. அப்போ ஆள்தான் காரணம். ரீஸ்டார்ட் பண்ணிட்டு ரிப்போர்ட்டை அனுப்பும்மா.”

பிறகு பக்கத்தில் இருந்த யாரிடமோ கன்னடத்தில் ஏதோ கிண்டலாகச் சொன்னார். வினோதா அதே கன்னடத்தில், தனக்கும் காது கேட்கும் என்று பதில் சொல்லிவிட்டு வைத்தாள்.

ஆனால் அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. மற்ற மூன்றும் ஏன் உறையவில்லை? அவள் நான்கு கம்ப்யூட்டர்களிலும் ஒரே கேள்வியைத் தட்டினாள்: நீ கடைசியாக எப்போது விழித்தாய்? ஒன்று, இரண்டு, மூன்று எல்லாமே வெள்ளிக்கிழமை காலை ஆறு மணி பத்து நிமிடத்தை ஒட்டிப் பதில் சொல்லின. நாலாவது மட்டும் ஒன்பது நாளாகத் தூங்கவே இல்லை.

முதல் லைனுக்கு ஓடினாள். அங்கே மூத்த ஆபரேட்டர் சம்பங்கி.

“அக்கா, வெள்ளிக்கிழமை காலைல மெயின் ஆஃப் பண்றீங்களா?”

“பின்ன? பூஜைக்கு மஞ்சத் தண்ணி தெளிக்க வேணாமா? கரண்ட்டு ஓடறப்ப தெளிச்சி ஷாக் அடிச்சிச் சாவறதுக்கா?”

“நாலாவது லைன்ல?”

“ஜமீர் பாய் பூ வெக்க விடுவாரு, ஆஃப் பண்ண மட்டும் விட மாட்டாரு. அதான் அந்த மெஷினுக்கு மட்டும் இப்டி ஆவுதுன்னு எல்லாரும் பேசிக்கறாங்கோ.”

நாலாவது லைன் பாகங்களைச் சூடேற்றும் லைன். ஒருமுறை அணைத்தால் மறுபடி சூடு நிலைக்கு வர முக்கால் மணி நேரம். அத்தனை பாகங்கள் வீணாகப் போகுமே என்று ஜமீர் வருடக் கணக்காக மெயினில் கை வைக்க விடவில்லை. கம்பெனிக்காக அவர் பார்த்துப் பார்த்துச் செய்த காரியமே அவர் கழுத்துக்கு வந்து நின்றது. வினோதாவுக்கு எதையாவது தூக்கி எறிய வேண்டும் போலிருந்தது.

அவள் தினம் குறித்து வைத்த எண்களைப் பார்கோடு பிழைகளோடு வைத்துப் பார்த்ததும் கணக்கு எளிமையாகிவிட்டது. எண்ணெய் படிந்த பாகத்தில் பார்கோடு படிக்க முடியாமல் போகும்போதெல்லாம், ஸ்கேனரை இயக்க ராஜப்பன் எழுதிய டிரைவர் என்ற புரோகிராம் கெர்னலிடம் மெமரியில் கொஞ்சம் இடம் கேட்டு வாங்கும். திருப்பிக் கொடுக்க மறந்துவிடும். இப்படிச் சேர்ந்து சேர்ந்து பதினோராம் நாள் கம்ப்யூட்டர் மூச்சு முட்டி நிற்கும். மற்ற மூன்றும் ஏழாம் நாளே பூஜைக்கு அணைந்து, எல்லாம் கழுவிவிடப்பட்டுப் புதிதாக எழுந்துவிடுகின்றன.

இதை ஸ்ரீராமிடம் சொன்னாள். “பூஜையால மெஷின் ஓடுதுன்னு பெங்களூருக்கு நான் எழுதணுமா?” என்றார் அவர்.

“வேணாம். இந்த வெள்ளிக்கிழமை ஆஃப் பண்ணாம விட்டா முதல் லைனே நின்னு காட்டும். நீங்க பார்த்தா போதும்.”

சம்பங்கியைச் சம்மதிக்க வைப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. தண்ணீர் தெளிக்காமல் பூஜையா என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வினோதா விடவில்லை. ஜமீருக்கு வேலை போகப்போகிறது என்றதும் சம்பங்கி சிறிது நேரம் கையிலிருந்த துணியால் மெஷினையே துடைத்துக்கொண்டிருந்தாள்.

“ஒரே ஒரு வாரந்தான். பூ மட்டும் வெச்சிர்றேன். சாமி கோச்சிக்கிட்டா உன் பேரைச் சொல்லிருவேன்.”

அன்று மதியம் ஜமீரிடம் போய் நின்றாள். “பாய், அந்தப் போன் விஷயம்... மொதல்ல எழுதினது நான்தான்.”

“தெரியும் மேடம். அந்தத் தாளை எனக்குக் காட்டினாங்க, கீழ உங்க கையெழுத்து இருந்திச்சி.” கையுறையைக் கழற்றாமலே சொன்னார். “ஒருவாட்டிதான் போட்டேன். சின்னப் பொண்ணு ஃபிர்தௌஸுக்கு அன்னிக்குப் பரீட்சை ரிசல்ட்டு.”

மூன்று மாதமாக அது தெரிந்தும் தினமும் அவளுக்கு வணக்கம் சொல்லிக்கொண்டிருந்த மனிதர் அவர்.

வெள்ளிக்கிழமை முதல் லைனில் சாமந்தி மட்டும் ஏறியது. மெயின் அணையவில்லை. அடுத்த செவ்வாய், அது விழித்த பதினோராம் நாள், வினோதா ஸ்ரீராமை லைனுக்கே கூட்டிவந்து நிறுத்தினாள். ராஜப்பனும் போனில் இருந்தார். திரையில் மெமரி கரைந்துகொண்டே வந்தது. பத்தரை. பத்தே முக்கால். ஸ்ரீராம் கடிகாரத்தைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். பதினொன்று அடிக்க நாலு நிமிடம் இருக்கும்போது, இத்தனை வருடத்தில் ஒருநாளும் உறையாத முதல் லைன் கம்ப்யூட்டர் உறைந்தது. லைன் நின்றது.

“இங்க ஜமீர் இல்லியே சார்,” என்றாள் வினோதா, மிக மெதுவாக. “போனும் இல்ல.”

போனில் ராஜப்பன் தொண்டையைச் செருமினார். டிரைவரைப் பார்ப்பதாகச் சொன்னார். இரண்டே நாளில் திருத்தி அனுப்பினார், ‘எங்கள் குழு கண்டுபிடித்த பிழை’ என்ற குறிப்போடு. வினோதா அதற்காக மெனக்கெடவில்லை. பேர் அவர்களிடமே இருக்கட்டும். அவளுக்கு வேண்டியது வேறு.

அறிக்கையைக் கொண்டுபோனாள். காரணம் என்ற கட்டத்தில் ஸ்கேனர் டிரைவரின் பிழை என்று இருந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி: ‘மூன்று மாதத்துக்கு முன் நான் எழுதியது தவறு.’ ஸ்ரீராம் படித்துவிட்டு, ஜமீரின் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படும், இனி போய் வேலையைப் பார் என்றார்.

“போர்டுல இருக்கற நோட்டீஸு சார்?”

“அது கெடக்கட்டும்மா. நானே அப்பறமா எடுத்துக்கறேன்.”

வினோதா வெளியே போனாள். எதிரே கேன்டீன் வாசலில் சாப்பாட்டு வரிசை நின்றிருந்தது. நோட்டீஸை ஊசியோடு பிடுங்கி எடுத்துவந்து ஸ்ரீராமின் மேஜையில் வைக்காமல், கதவருகிலேயே நின்று நீட்டினாள்.

“எல்லாரும் பாக்கத்தானே ஒட்டினீங்க? வெளிய வந்து கிழிங்க. என் தப்பையும் சேத்துச் சொல்லிட்டே கிழிங்க. நான் பக்கத்துல நிக்கறேன்.”

வரிசையில் சம்பங்கி தட்டோடு இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் ஜமீர். ஸ்ரீராம் வினோதாவின் முகத்தைப் பார்த்தார், வரிசையைப் பார்த்தார், எழுந்து வந்தார். தாளை நாலாகக் கிழித்தார். தப்பு ஜமீருடையது இல்லை, வினோதா எழுதியதும் தவறு என்று வாய்க்குள்ளேயே சொன்னார். அது பாதிப் பேருக்குக் கேட்கவில்லை.

“கேக்கல சார்,” என்றார் ஜமீர்.

ஸ்ரீராம் இன்னொரு தடவை, சத்தமாகச் சொன்னார்.