கயிறு பிடித்து நடந்த கால்

அன்று விடியற்காலையில் வாடியில் (கடற்கரையில் மீனவர் தங்கும் கொட்டில்) இருந்தவர்கள் நான்கு பேர். என் கணவர் அந்தோனி, அவருடைய தம்பி யோசேப், கரைவலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டி, தேத்தண்ணி கொண்டுபோன நான். வேறு யாரும் இல்லை. டொக்டர் கேட்டபோதும் இப்படித்தான் சொன்னேன். இன்றும் படுத்தால் இந்த நான்கு பேரையும் ஒருமுறை எண்ணிப் பார்ப்பேன், யாராவது ஒருவர் முன்னமே கண்டிருக்கலாமோ என்று.

என் கணவர் வலக்கையை நீட்டிக் கோப்பையை வாங்கினார். கோப்பை சரிந்து தேத்தண்ணி தொடையில் ஊற்றியது. அவர் துள்ளவில்லை.

"சூடு தெரியேல்லையோ?" என்றேன்.

பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய் இடப்பக்கம் இழுத்துக்கொண்டு போனது. வந்தது சொல் இல்லை, ஒரு முனகல். களைப்பாக்கும் என்று நினைத்து மிச்சத் தேத்தண்ணியை நானே பருக்கினேன். புரையேறிக் கண்கள் பிதுங்கின. இதை வாசிக்கிற உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்தால் வாயில் ஒன்றும் ஊற்றாதீர்கள். தண்ணீரும் வேண்டாம். நான் செய்த பிழையை நீங்கள் செய்ய வேண்டாம்.

சண்டையால் மின்சாரமும் பெட்ரோலும் இல்லாத காலம். மண்ணெண்ணெயில் ஓடுகிற பழைய கார் ஒன்றை யோசேப் பிடித்து வந்தான். பருத்தித்துறை ஆசுப்பத்திரிக்குப் போய்ச் சேர வெயில் ஏறிவிட்டது.

பாரிசவாதம் என்றார் டொக்டர் (மூளைக்குப் போகிற இரத்தம் தடைப்பட்டு உடம்பின் ஒரு பக்கம் வேலை செய்யாமல் போவது). அவருக்கு வலப்பக்கம். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள் என்பதால் டொக்டர் ஒரு கடதாசியில் தலையும் நரம்பும் கீறிக் காட்டினார். எனக்கு அது ஏறவில்லை. எனக்குச் சொல்ல வேண்டியது வேறொன்று இருந்தது.

"டொக்டர், பிழை என்னிலைதான். இண்டைக்குக் காலமை அவர் வெளிக்கிடேக்கை, எங்கை போறியள் எண்டு கேட்டுட்டன்."

எங்கள் ஆட்கள் கடலுக்குப் போகிறவரிடம் அப்படிக் கேட்பதில்லை. கேட்டால் போகிற காரியம் விளங்காது என்பார்கள். இருபது வருஷமாக நான் கேட்டதில்லை. அன்று அவர் வழமைக்கு முன்னதாக எழும்பியதால் அரைத் தூக்கத்தில் கேட்டுவிட்டேன்.

டொக்டர் சிரிக்கவில்லை. "இவருக்கு பிரஷர் கடைசியா எப்ப பாத்தனீங்கள்?" என்றார் (பிரஷர் என்பது இரத்த அழுத்தம்).

"ஒருநாளும் பாக்கேல்லை."

"அதைக் கேட்டிருக்கோணும் அம்மா. எங்கை போறியள் எண்டு கேட்டதாலை ஒருத்தருக்கும் இரத்தக்குழாய் அடைக்காது."

தலையால் நம்பினேன். மனம் நம்பவில்லை.

மூன்று கிழமைக்குப் பிறகு வீட்டுக்கு விட்டார்கள். ஒவ்வொரு நாளும் நடக்க வேண்டும், பலவீனமான பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும், பிரஷர் குளிசையை (மாத்திரையை) நிறுத்தக் கூடாது என்றார்கள். குளிசை கிடைப்பதே பெரிய பாடு. நடை ஒன்றுதான் எங்கள் கையில் இருந்தது.

முதலில் வாசலிலிருந்து கிணற்றடி வரை. பிறகு ஒழுங்கையின் (சிறு தெருவின்) முடக்கு வரை. இரண்டு மாதத்தில் பனை வடலிக் காணிகளுக்கு நடுவே போகிற ஒற்றையடிப் பாதையால் மாதா கோயில் வரை போனோம். அதற்கு அப்பால் வெறும் மணல். அங்கே அவருடைய வலக்கால் தூக்காது. மணலைக் கீறிக்கொண்டு நின்றுவிடும். கோயிலடியில் இருந்து கடற்காற்றை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்புவோம்.

நான் அவருடைய வலக்கையைப் பிடித்தபடி சொல்லிக்கொண்டே போவேன். "பாத்து, வேர்." "பாத்து, கிடங்கு." "பாத்து, முள்ளு." ஒவ்வொரு "பாத்து"வுக்கும் அவர் நின்றுவிடுவார். நின்ற காலைத் திரும்ப எடுக்க எவ்வளவோ நேரம் பிடிக்கும்.

ஒருநாள், ஒவ்வொரு சொல்லாகத் தேடி எடுத்துச் சொன்னார். "இஞ்சேர்... நீ வாயை மூடினால்... என்ரை கால்... நடக்கும்."

இருவரும் சிரித்தோம். ஆனாலும் என் வாய் மூடவில்லை. பயம் என்ன, சொன்னால் கேட்கிற சாமானா?

வழியில் காண்கிறவர்கள் அன்பாகத்தான் கேட்பார்கள். "எங்கை அந்தோனியண்ணை, வெளிக்கிட்டாச்சோ?" கேட்ட உடனே அவருடைய முகம் வாடிவிடும். எனக்குக் காரணம் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து கட்டிலில் இருந்துதான் சொன்னார்.

"இப்ப... எல்லாரும் கேக்கினம்."

அவரைக் கடலுக்குப் போகிற ஆள் என்று இனி யாரும் எண்ணவில்லை. அதுதான் அவருக்கு நோவு. கை கால் விழுந்ததைவிட அதுதான் பெரிய நோவு என்று அன்றைக்குத்தான் கண்டேன். அவருடைய தலையைத் தடவிவிட்டேன். வேறென்ன செய்ய?

ஐந்தாம் மாதம், கூட்டுறவுச் சங்கக்கடையில் கோதுமை மா கொடுக்கிறார்கள் என்று போய் வரிசையில் நின்றுவிட்டு வந்தேன். கட்டில் வெறுமையாக இருந்தது. ஊன்றுதடியும் இல்லை. வேலியால் பக்கத்து வீட்டுப் பிலோமினா அக்காவைக் கூப்பிட்டேன்.

"தலையிலை துவாயைக் கட்டிக்கொண்டு கடற்கரைப் பக்கம் போனார்" என்றார்.

"எங்கை எண்டு ஒரு வார்த்தை கேக்கேல்லையோ அக்கா?"

"உதென்ன விசர்க்கதை? தலைக்கட்டோடை கடலுக்குப் போற மனுசனை ஆர் மறிச்சுக் கேப்பினம்?"

ஒழுங்கை முடக்கில் நின்றவரும் கண்டிருந்தார், கேட்கவில்லை. கோயில் முற்றம் கூட்டினவளும் கண்டிருந்தாள், கேட்கவில்லை. எல்லோரிலும் கோபம் வந்தது. மா பையைக் கோயில் மதிலில் வைத்துவிட்டு மணலில் ஓடினேன்.

அவருடைய தடம் தெரிந்தது. ஒரு முழுப் பாதம், பக்கத்தில் ஒரு நீளக் கீறல், தடி குத்திய துளை. திரும்பவும் பாதம், கீறல், துளை. ஓரிடத்தில் மணல் கலைந்து இரண்டு கை பதிந்திருந்தது. விழுந்திருக்கிறார். விழுந்து, தனியாக எழும்பியிருக்கிறார். இராவணன் மீசைப் புல் படர்ந்த மணல் மேட்டில் தடம் ஏறிப் போனது. மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். அவர் கடலுக்குள் இறங்கிவிட்டார் என்றே என் மனம் சொன்னது. மேட்டில் நான் ஏறியது காலாலா கையாலா என்று தெரியாது.

மேலே ஏறிப் பார்த்தேன். கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கரைவலையைக் கடலைப் பார்த்தபடி, பின்பக்கமாக நடந்துதான் இழுப்பார்கள். ஒருவர் அம்பா பாட (வலை இழுக்கிறவர்கள் காலடிக்குப் படிக்கிற பாட்டு) மற்றவர்கள் அதற்கு அடி வைப்பார்கள். வலையின் இரண்டு கயிறுகளில் எனக்குக் கிட்ட இருந்த கயிற்றில் கடைசி ஆளாக அவர் நின்றார். இடக்கையால் கயிற்றைப் பிடித்து வலக் கமக்கட்டுக்குள் இடுக்கியிருந்தார். பக்கத்தில் யோசேப் நின்றான், அவரைத் தாங்கிப் பிடிக்கவில்லை.

அவர் பின்னால் நடந்தார். இழுபட்ட அதே வலக்கால் பாட்டுக்குச் சரியாகப் பின்னால் போய் மணலில் ஊன்றியது. பிறகு இடக்கால். திரும்பவும் வலக்கால்.

"பாத்து" என்று தொண்டைவரை வந்துவிட்டது. சம்மாட்டி என்னைக் கண்டுவிட்டார்.

"சத்தம் போடாதை பிள்ளை, கால் மாறிப்போகும்."

வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டு மணலில் இருந்துவிட்டேன். வலை கரைக்கு வரும்வரை அவர் விழவில்லை.

அடுத்த கிளினிக்கில் இதைச் சொன்னபோது டொக்டர் அவரை எழுப்பி, தான் கைதட்டி, பின்பக்கமாக நடக்கவிட்டுப் பார்த்தார். பழகின வேலையும் தாளமும் சிலபேருக்குக் காலைத் திரும்பக் கொண்டுவரும் என்றார். எல்லோருக்கும் வராது. தனியாகச் செய்து பார்க்கவே கூடாது. இதையும் நீங்கள் மறக்க வேண்டாம்.

முழுதாகச் சுகம் வந்தது என்று எழுதினால் பொய். வலக்கை இன்னும் முடிச்சுப் போடாது. சொல் தாமதித்துத்தான் வரும். முன்பு எங்களுக்கு நாள் என்பது காற்றும் நீரோட்டமும். இப்போது காலடி. கோயிலிலிருந்து சவுக்கமரங்கள் வரை ஒரு காலமை, அங்கிருந்து வாடிவரை மறு காலமை. ஒருவருக்கும் அவசரம் இல்லை. என்னுடைய காலும் அவருடைய காலின் வேகத்துக்குப் பழகிவிட்டது. தனியாகப் போனாலும் மெல்லத்தான் போகிறேன்.

கெட்டித் தரையில் அவர் முன்பக்கமாக நடப்பார். மணல் வந்ததும் திரும்பிக்கொள்வார். அவர் பின்பக்கமாக நடக்க, இரண்டு கையையும் பிடித்தபடி நான் அவருக்கு எதிரே நடப்பேன். அவருக்குப் பின்னால் என்ன கிடக்கிறது என்று நான்தான் சொல்ல வேண்டும். "இடப்பக்கம் கட்டை. கொஞ்சம் விலத்துங்கோ." இப்போது அவர் நிற்பதில்லை. கேட்டு விலகி நடக்கிறார். சொல்லாவிட்டால் ஏசுகிறார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து எந்தப் பாதையிலும் அவர் முன்னால், நான் பின்னால். நான் கண்டது அவருடைய முதுகை. இந்த நடையில்தான் அவருடைய முகம் முழு வழியும் எனக்கு முன்னால் இருக்கிறது. இடது புருவத்தில் ஒரு சின்ன வடு இருப்பது இருபது வருஷத்துக்குப் பிறகு தெரிந்தது.

"என்னடி... பாக்கிறாய்?" என்றார். "பாதையைப் பார்."

"பாக்கிறன்" என்றேன். பார்க்கவில்லை.